இஸ்தான்புல் இடைவேளைச் சுற்றுலா: பணம் கட்டும் முன் படியுங்கள்

சிக்கன வகுப்புப் பயணச்சீட்டை விற்கும்போதே, இடையில் விமானம் மாறும் ஊரையும் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கும் பயண முகவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் இஸ்தான்புல் வழியாக ஐரோப்பா செல்லப் பயணச்சீட்டு வாங்கிய எனக்கும் என் மனைவிக்கும் நேர்ந்ததை, அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்பது மணி நேர இடைவேளையில் ஹாகியா சோஃபியா, நீல மசூதி, பசிலிக்கா நிலத்தடி நீர்த்தேக்கம், டோப்காபி அரண்மனை, கிராண்ட் பஜார் ஆகிய ஐந்தையும் காட்டுவதாகவும், செலவு அனைத்தும் கட்டணத்தில் அடங்கும் என்றும் முகவர் கொடுத்த பயண நிரலில் அச்சிடப்பட்டிருந்தது. ஒரே பயணம் என்று அவர் விற்றது, உண்மையில் இரு வேறு விமான நிறுவனங்களின் தனித்தனிப் பயணச்சீட்டுகள். பி.என்.ஆர். எண் இரண்டாக இருந்ததைக் கேட்டபோது, 'அது எங்கள் அலுவலகக் கணக்குக்காக' என்று பதில் வந்தது. ஒரே பயணச்சீட்டாக இருந்தால் பெட்டிகள் நேராக இறுதி ஊருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக இருந்தால் இரண்டும் கிடையாது. பெட்டிகளை எடுக்கத் துருக்கிக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்பதால், ஊர் சுற்றும் எண்ணம் இல்லாதவருக்கும் விசா தேவைப்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இணையவழி விசா பெற, ஷெங்கன் (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்), அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருக்க வேண்டும். எங்களிடம் ஷெங்கன் விசா இருந்ததால் தப்பினோம். இதைப் பற்றி முகவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து பழைய நகரம் அரை மணி நேரத் தொலைவு என்று நிரலில் இருந்தது. 2019 ஏப்ரலில் பயணிகள் சேவை இடம் மாறுவதற்கு முன்பிருந்த அத்தாதுர்க் விமான நிலையத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தியிருக்கும். இப்போதைய நிலையம் கருங்கடல் பக்கமாக, பழைய நகரத்தின் சுல்தானஹ்மத் பகுதியிலிருந்து சாலை வழியே 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. குடிவரவு வரிசை, பெட்டிகளை எடுத்துப் பொருள் காப்பகத்தில் கட்டணம் செலுத்தி வைப்பது, திரும்பி வந்து மறுபடி செக்-இன் செய்வது எல்லாம் போக, நகருக்குள் எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஐந்து இடங்களை அதற்குள் பார்க்க முடியாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை.

அந்த மூன்று மணி நேரமாவது எங்களுக்குக் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. டோப்காபி அரண்மனைக்கு வார விடுமுறையே செவ்வாய்தான். ஹாகியா சோஃபியாவின் வாசலில் நின்றுகொண்டு, நுழைவுக் கட்டணம் உங்கள் செலவு என்றார் அங்கே எங்களை அழைத்துப்போனவர். 2020-இல் மீண்டும் மசூதியாக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் மேல்மாடத்தைப் பார்க்க, 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 25 யூரோ வாங்குகிறார்கள். கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று நிரலைக் காட்டி வாதாடியதில் நேரம் கரைந்தது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து 336 தூண்கள் நிற்கும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு வரிசை நீளம் என்று சொல்லி, எங்களை ஒரு கம்பளக் கடைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஆப்பிள் தேநீர் வந்தது. பட்டுக் கம்பளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விரிக்கப்பட்டன. வாங்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களை எழவிடவில்லை. அழைத்து வருபவருக்கு விற்பனையில் தரகு உண்டு என்பதைக் கடைக்காரர் மறைக்கக்கூட முயலவில்லை.

கடைசியில் நாங்கள் பார்த்தவை இரண்டுதான்: நீல மசூதியும், அதன் அருகே பழைய குதிரைப் பந்தயத் திடலில் நிற்கும் எகிப்தியத் தூணும். மூன்றாம் துத்மோஸ் மன்னனின் அந்தக் கருங்கல் தூணைப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 390-இல் அங்கே நிறுவினார். எழுத்துகள் நேற்றுச் செதுக்கியவைபோல் கூர்மையாக இருக்கின்றன, அதைப் பார்த்ததில் குறையில்லை. ஆனால் மசூதிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, தூண் நிற்பதோ பொதுச் சதுக்கம். யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இரண்டையும் காட்டுவதற்கு, இரண்டு பேருக்கும் முழுச் சுற்றுலாப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

துருக்கியில் சுற்றுலா நடத்தும் நிறுவனத்துக்குத் துர்சாப் என்ற சங்கத்தின் பதிவெண் இருக்க வேண்டும். வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும், அதற்கான அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார். எங்களை அழைத்துப்போனவரிடம் அட்டை இல்லை. பதிவெண்ணைக் கேட்டதற்கு முகவர் இன்றுவரை பதில் தரவில்லை. பணம் கட்டும் முன் இந்த எண்ணையும், பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்பதையும், எந்தெந்த நுழைவுக் கட்டணம் அடங்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நகரில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதால், வந்திறங்குவதும் புறப்படுவதும் ஒரே நிலையத்திலா என்றும் பாருங்கள். சபிஹா கோக்சென் நிலையம் ஆசியக் கரையில் இருக்கிறது. துருக்கியின் தேசிய விமான நிறுவனம், தன் விமானங்களிலேயே வந்து மாறிச் செல்லும் பன்னாட்டுப் பயணிகளுக்கு, இடைவேளை 6 முதல் 24 மணி நேரமாக இருந்தால், கட்டணமின்றி நகரச் சுற்றுலா நடத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நேரமின்மையால் சில இடங்கள் விடுபடலாம் என்ற நிபந்தனையை முகவர் காட்டினார். கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிட்டோம். கம்பளக் கடை, கட்டணத் தகராறு இவற்றுக்கெல்லாம் சான்று கேட்ட வங்கி, செவ்வாய்க்கிழமை டோப்காபி அரண்மனை என்று முகவரே அச்சிட்டுக் கொடுத்திருந்த நிரலை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சுற்றுலாத் தொகையில் ஒரு பகுதி வந்திருக்கிறது. மீதிக்கான முறையீடு நிலுவையில் உள்ளது.