12 வோல்ட் தோட்ட விளக்கு செட்: லைட் அருமை, ஒயரில்தான் கஞ்சத்தனம்

மண்ணில் குத்தி வைக்கும் ஸ்பைக் லைட் தலா 7 வாட்டில் ஆறு, 230 வோல்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் ஒரு 60 வாட் டிரைவர், 20 மீட்டர் ஒயர், எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. லைட்டுக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலரை ஸ்டார். அலுமினியம் பாடி நல்ல கனம், கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, ஐப்பசி மழையில் விடாமல் நனைந்தும் உள்ளே ஆவி படியவில்லை.

ஒயர்தான் சரியில்லை. கொடுத்திருப்பது 0.75 ஸ்கொயர் எம்எம். 12 வோல்ட்தானே, மெல்லிய ஒயர் போதாதா என்று தோன்றும், ஆனால் கணக்கு நேர் எதிர்: ஆறு லைட்டும் சேர்ந்து 42 வாட், அது 230 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்கூட இல்லை, 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். அவ்வளவு கரண்ட் மெல்லிய கம்பியில் போய்த் திரும்பும்போது வழியிலேயே வோல்ட்டேஜ் குறைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், டிரைவர் பக்கம் 12, கடைசி லைட்டில் 10-க்கும் கீழே. கேட் லைட் பளிச்சென்று எரிய, கிணற்றடி லைட் அழுது வடிந்தது. அதே தடத்தில் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் இழுத்ததும் கடைசி லைட்டிலும் 11-க்கு மேல் வருகிறது. ஒயரை மாற்ற மனமில்லை என்றால் டிரைவரை ஓரத்தில் வைக்காமல் வரிசையின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பிரித்து விடுங்கள், அதுவே பாதி பிரச்சினையைத் தீர்க்கும்.

ஜாயின்டுக்கு ஒரு கறுப்பு டேப் ரோல் வைத்திருக்கிறார்கள், சிரிப்புதான் வந்தது. டேப் சுற்றி மண்ணில் புதைத்தால் ஈரம் இறங்கி காப்பர் பச்சையாகப் பூத்துவிடும், டிசி கரண்ட் என்பதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஜெல் நிரப்பிய கனெக்டர், இல்லையென்றால் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்), இரண்டில் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிரைவர். மேலே ஐபி67 (தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்ற குறியீடு) என்று போட்டிருப்பதால் மண்ணுக்குள் வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஷாக் ஆபத்து 230 வோல்ட் வரும் பக்கத்தில்தான். டிரைவரை சன்ஷேடுக்குக் கீழே, தண்ணீர் தேங்காத உயரத்தில் சுவரில் மாட்டி, அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேனுவலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதற்கே ஒரு ஸ்டார் குறைத்தேன்.

ஒயரை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்றால், அமெரிக்க மின் விதியில் 30 வோல்ட்டுக்கு உட்பட்ட தோட்ட விளக்கு கேபிளுக்கு 6 அங்குலம் போதும். நம் தோட்டத்தில் மண்வெட்டி சும்மா இருக்காது, பெருச்சாளியும் உண்டு. நான் பிவிசி பைப்புக்குள் விட்டு ஒரு அடி ஆழத்தில் போட்டிருக்கிறேன்.

மொத்தத்தில் மூன்று ஸ்டார். சின்ன முற்றத்துக்கு வாங்கலாம். முப்பது, நாற்பது மீட்டர் ஓட வேண்டிய தோட்டம் என்றால் இதை விட்டுவிட்டு 24 வோல்ட் செட் தேடுங்கள், அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும்.