பெரிய மாடல் விமானத்துக்கு எந்த எஞ்சின்? பெங்களூரு காற்றை வைத்து ஓர் அலசல்

இறக்கை இரண்டு மீட்டரைத் தாண்டி, எடை ஏழெட்டு கிலோவுக்குப் போகும் ரிமோட் மாடல் விமானம் கட்டத் தொடங்கியவுடன் வரும் முதல் கேள்வி எஞ்சின்தான். பெங்களூருவில் இருப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஊரின் உயரத்தைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர். சென்னைக் காற்றைவிட இங்கே அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. காற்றை உறிஞ்சி எரிக்கும் எந்த எஞ்சினும் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். ப்ரொப்பெல்லருக்கும் மெல்லிய காற்றுதான் கிடைக்கிறது. அதனால் சுழற்சி வேகம் பெரிதாக மாறாது, விமானத்தை முன்னே இழுக்கும் இழுவை (த்ரஸ்ட்) மட்டும் குறையும். சுழற்சியை அளக்கும் டேக்கோமீட்டரில் எண் சரியாக இருக்கிறதே என்று நம்பி ஓடுபாதையின் கடைசிவரை ஓடவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானக் கிட் பெட்டியில் எஞ்சின் அளவு 26 முதல் 35 சி.சி. என்று போட்டிருந்தால், இந்த ஊருக்கு மேல் எல்லைதான் என் தேர்வு.

மெத்தனாலில் ஓடும் க்ளோ எஞ்சினைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். எடை குறைவு, தீப்பொறி தரும் தனி இக்னிஷன் வேண்டாம், பழக எளிது. ஆனால் அதே வேலைக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் எரிபொருள் குடிக்கும். மெத்தனால், நைட்ரோமீத்தேன் இரண்டையும் தேடி அலைய வேண்டும். 20 சி.சி. வரை சரி, அதற்கு மேல் இதில் பணம் போடாதீர்கள்.

உண்மையான போட்டி பெட்ரோலுக்கும் எலக்ட்ரிக்குக்கும்தான். "அண்ணா, எண்ணெய்ப் பிசுக்கே வேண்டாம், எலக்ட்ரிக்கே போட்டுடலாமா?" என்று எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மோட்டாருக்கு மூச்சு வாங்காது. மெல்லிய காற்றில் இழுவை குறைந்தாலும் கூடவே கரண்டும் குறைகிறது. ஆகவே ஓர் அங்குலம் பெரிய ப்ரொப்பெல்லரை மாட்டி இழந்ததை மீட்டுவிடலாம். கரண்டை மட்டும் வாட்மீட்டரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இது எலக்ட்ரிக்குக்குப் பெரிய பலம்.

கணக்கு இடிக்கும் இடம் பேட்டரி. 12 செல், 5000 மில்லி ஆம்பியர் மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் சுமார் 222 வாட் மணி. ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, சராசரியாக 1500 வாட் இழுத்தால் ஏழு நிமிடம்தான் பறக்கலாம். பேட்டரியே ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். ஊருக்கு வெளியே ஹோஸ்கோட்டேயைத் தாண்டிக் காரில் போய், காலை முழுக்கப் பறக்க நாலைந்து செட் வாங்க வேண்டும், வயலில் சார்ஜ் செய்ய ஜெனரேட்டரும் வேண்டும். செட்டுகள் வருடக்கணக்கில் உழைத்து மெல்ல உப்பும். திரும்ப வாங்க வேண்டும். பெட்ரோலில் அரை லிட்டர் டேங்க், பதினைந்து நிமிடத்துக்கு மேல் பறப்பு, அடுத்த இரண்டு நிமிடத்தில் மறுபடி தயார்.

ஆனால் பெட்ரோலிலும் இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் டயாஃப்ரத்தையும் விறைக்கவோ உப்பவோ வைக்கும். கலவையும் சற்று லீன் ஆகும் (காற்றுக்கு எரிபொருள் போதாது), அதனால் முழு வேகத்தில் எரிபொருளை அளந்துவிடும் ஹை ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டர் வற்றும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் பாட்டிலில் கிடந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். டி.எல்.இ. 30, டி.எல்.இ. 55 போன்ற எஞ்சின்கள் இந்தப் பராமரிப்பு இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். இங்கே செட் செய்த ஊசியோடு சென்னைக்குக் கொண்டுபோனால் அடர்ந்த காற்றில் கலவை லீன் ஆகி எஞ்சின் சூடேறும். பறக்குமுன் எரிபொருள் கூடும் ரிச் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினின் சத்தம் அருமை, பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். போர் விமான மாடலுக்குப் பொருத்தமானது. விலையும் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் வேலையும் கூடுதல். முதல் பெரிய விமானத்துக்கு வேண்டாம்.

இனிப் பறப்பில் வரும் கோளாறுகள். எதிலும் முதல் சோதனை ஒன்றே: பாதுகாப்பான உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்துப் பாருங்கள். முழுச் சக்தியில் இடப்பக்கம் இழுத்து, ஐடிலில் (மிகக் குறைந்த சுழற்சியில்) நேராகப் போனால் எஞ்சின் இழுக்கும் திசை, அதாவது த்ரஸ்ட் கோணம்தான் காரணம். எஞ்சின் மவுண்டுக்குப் பின்னால் வாஷர் வைத்து வலப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி திருப்புங்கள். ஐடிலிலும் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்க இறக்கை கனமாக இருக்கும் அல்லது முறுக்கியிருக்கும். எஞ்சினைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்க ட்ரிம் செய்துவிட்டு, ஐடிலில் 45 டிகிரி டைவ் விடுங்கள். விமானம் தானாக மேலே வளைந்தால் மூக்குக் கனம். இன்னும் உள்ளே குனிந்தால் வால் கனம்.

நடு வானில் எஞ்சின் நிற்பதில்தான் பெட்ரோலும் எலக்ட்ரிக்கும் வேறுபடுகின்றன. பெட்ரோல் எஞ்சின் மேலே ஏறும்போது சுருதி இறங்கித் தளர்ந்தால் ஹை ஊசி லீன், அல்லது டேங்கின் காற்றுத் துளை (வென்ட்) அடைப்பு. ஐடிலிலிருந்து த்ராட்டிலைத் திறக்கும்போது திக்கினால் குறைந்த வேகத்துக்கான லோ ஊசியைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து நின்றால் பெரும்பாலும் சூடுதான். எஞ்சினை மூடும் கௌலுக்குள் வரும் காற்று சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே போகத் தடுப்பு வையுங்கள், வெளியேறும் வழி உள்வழியைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். எலக்ட்ரிக்கில் முன்னறிவிப்பு குறைவு: செல் வோல்டேஜ் இறங்கினால் அல்லது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கொதித்தால் சட்டென்று சக்தி போய்விடும்.

"சிக்னல் போச்சு" என்று சொல்லப்படும் விபத்துகளில் நான் முதலில் சந்தேகிப்பது, விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் ரிசீவரின் மின்சாரத்தைத்தான். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் பெரிய சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மெல்லிய ஒயரிலும் சோர்ந்த பேட்டரியிலும் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் அணைந்து எழும். எந்த எஞ்சினாக இருந்தாலும் ரிசீவருக்குத் தனி பேட்டரி வையுங்கள். பெட்ரோலில் இக்னிஷனுக்கும் தனி பேட்டரி, ரிசீவரிலிருந்து ஓரடி தள்ளி. அதிர்வில் கழலும் ஸ்க்ரூக்களுக்கு நீல நிற லாக்டைட் பசை. வேகத்தில் இறக்கையிலிருந்து ஓர் உறுமல் கேட்டால் அது ஃப்ளட்டர், அதாவது மடல்கள் காற்றில் படபடவென்று அதிர்வது. அந்த நொடியே த்ராட்டிலைக் குறைத்து, மெல்ல மேலே தூக்கி, இறங்கி, சர்வோவை மடலோடு இணைக்கும் லிங்கேஜில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே பறக்கிறீர்கள் என்பதும் தேர்வை மாற்றும். ஜக்கூர், எலஹங்கா, எச்.ஏ.எல்., கெம்பேகவுடா என்று நான்கு விமானத் தளங்கள் இருக்கும் ஊர் இது. 2021 ட்ரோன் விதிகளின்படி பொழுதுபோக்கு மாடலுக்கு 25 கிலோதான் உச்சவரம்பு, கண்பார்வைக்குள்தான் பறக்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தையும் பார்த்துவிட்டே இடம் பிடிக்க வேண்டும். கிடைத்த இடத்துக்கு அருகில் வீடுகள் இருந்தால் எலக்ட்ரிக்; சத்தத்துக்காக ஊர்க்காரர்கள் ஒருமுறை துரத்திவிட்டால் அந்த மைதானம் எல்லோருக்கும் போச்சு. திறந்த வெளி, நீண்ட ஓடுபாதை, வாரம் தவறாமல் பறக்கும் ஆசை மூன்றும் இருந்தால் 30 முதல் 35 சி.சி. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்: இறக்கை மேலே இருக்கும் ஹை விங் விமானம், 30 சி.சி., இரண்டு தனி பேட்டரி, முதல் பறப்பு காற்று எழும்புமுன் காலையில்.