ஐவிஎஃப் ஆய்வகமா, பிஎச்.டி.யா?

எம்.எஸ்சி. முடித்து இனப்பெருக்க மருத்துவத்துக்கு வர நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இது: ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) மையத்தின் ஆய்வகத்தில் வேலையா, பிஎச்.டி. ஆய்வா?

வருமானம்
பிஎச்.டி.: நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 5 ஆண்டில் ஆய்வு முடியாவிட்டால் சொந்தக் காசுதான்.
ஐவிஎஃப்: மையத்துக்கு மையம் மாறும். தனியாக இக்ஸி (ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்யக் கை பழகிய பிறகே சம்பளம் பேச முடியும்.

நேரம்
ஐவிஎஃப்: கருமுட்டை வைத்ததுதான் சட்டம். விந்தணு செலுத்திய 16-18 மணி நேரத்தில் இரண்டு முன்உட்கரு (முட்டையிலிருந்து ஒன்று, விந்தணுவிலிருந்து ஒன்று) தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். பிந்தினால் அவை மறைந்துவிடும். மூன்று முன்உட்கரு கொண்ட பிறழ்ந்த கருவும் நல்லதுபோலவே பிளந்து நிற்கும், கண்ணால் பிரிக்க முடியாது. ஞாயிறாவது, பொங்கலாவது!
பிஎச்.டி.: சுண்டெலிக்கு முட்டைகளை வளர்க்க பிஎம்எஸ்ஜி ஹார்மோன் ஊசி, சுமார் 48 மணி நேரம் கழித்து முட்டைகளை வெளியேற்ற எச்சிஜி ஊசி. தேதியை நீங்களே குறிக்கலாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தைத்தான் குறிக்க முடியாது.

தவறினால்
பிஎச்.டி.: ஆன்டிபாடி (தேடும் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் பொருள்) சரியாக ஒட்டாமல் மாதக்கணக்கில் உழைப்பு வீண்.
ஐவிஎஃப்: தட்டில் பெயர் மாறினால் ஒரு குடும்பமே மாறும். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் இரண்டாம் ஆள் சாட்சி.

நுண்ணோக்கியடியில் கை நடுங்காதவருக்கு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவருக்கு ஐவிஎஃப். கரு ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வி விடாதவருக்கு பிஎச்.டி.; ஐவிஎஃப் முறையை உருவாக்கிய ராபர்ட் எட்வர்ட்ஸே எலி ஆய்வில் தொடங்கியவர்தான். இரண்டும் வேண்டுமென்றால் நெட் தேர்வை முதலில் எழுதுங்கள், ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு உண்டு.