ஸ்பென்சர் பிளாசாவா, எக்ஸ்பிரஸ் அவென்யூவா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய இந்த இரண்டு மால்களுமே பழைய கட்டடங்கள் போன இடத்தில் எழுந்தவை. ஸ்பென்சர் என்ற பழைய பல்பொருள் கடை இருந்த சிவப்புச் செங்கல் மாளிகை 1983 தீ விபத்தில் அழிந்தது. தொண்ணூறுகளில் அங்கே பிளாசா வந்தது, பகுதி பகுதியாக வளர்ந்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்பது, மெட்ராஸ் கிளப்பிடமிருந்து பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்கா வாங்கிய எஸ்டேட்டில். அவருடைய இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் அங்கிருந்துதான் வெளிவந்தது. மால் திறந்தது 2010-இல்.

பெரிய வித்தியாசம் உரிமையில். ஸ்பென்சரில் கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். அதனால்தான் காஷ்மீரிச் சால்வைக் கடைக்கு நாலு அடி தள்ளி செல்போன் கவர் தொங்கும். பேரம் பேசலாம், வழியும் தொலைக்கலாம். ஆனால் மொத்த வளாகத்தையும் ஒரே கையில் வைத்துப் புதுப்பிக்க ஆளில்லை. எக்ஸ்பிரஸ் அவென்யூவில் நிர்வாகம் ஒன்றே, கடைகள் வாடகைக்கு. எந்தக் கடை எங்கே என்று அவர்களே முடிவு செய்யலாம். தியேட்டரும் உண்டு, ஸ்பென்சரில் அது கிடையாது.

படம், சாப்பாடு, குளிர்ச்சி என்றால் எக்ஸ்பிரஸ் அவென்யூ. ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது கைவினைப்பொருள் வேண்டுமா? ஸ்பென்சருக்கே போங்கள், சொன்ன விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.