கே10 என்ஜினுக்கு "டைமிங் பெல்ட்" மாற்றியதாக 21,040 ரூபாய் பில்

மாருதி ஆல்ட்டோ கே10 கார் வைத்திருப்பவர்கள், அதிலும் அப்பா அம்மாவின் பெயரில் வண்டி இருந்து அவர்களே சர்வீசுக்கு விட்டு எடுப்பவர்கள், இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எங்கள் வண்டி 2016 மாடல். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. அவருக்கு இப்போது கண்பார்வை சரியில்லை, அதனால் நான்தான் ஓட்டுகிறேன். 81,000 கிலோமீட்டர் வரை பெரிய தொல்லை எதுவும் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், அய்யம்பேட்டை தாண்டியதும் வண்டி திடீரென்று உதற ஆரம்பித்தது. மூன்றாம் கியரில் மிதித்தால் இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் லைட் விட்டு விட்டு எரிந்தது. பக்கத்தில் அப்பா. பயந்துபோய்த் திரும்பி, நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் இடம், ஏசி போட்ட வரவேற்பறை, கழுத்தில் அடையாள அட்டை. நம்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார். "மேடம், டைமிங் பெல்ட் பல் ஜம்ப் ஆகியிருக்கு. இப்படியே ஓட்டினா வால்வு வளைஞ்சு என்ஜினே போயிடும். நல்ல வேளை, இப்பவே கொண்டு வந்தீங்க" என்றார். என்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பதுதான் டைமிங் பெல்ட். செய்தித்தாளில் சுற்றி ஒரு பழைய பெல்ட்டையும் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு ரப்பர், உள்பக்கம் குறுக்கே வரிசையாகப் பற்கள், இரண்டு மூன்று இடத்தில் வெடிப்பு. என் வண்டியிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். நான் கேட்டதும் அதை என்னிடமே கொடுத்தும் விட்டார். அது மட்டும் என் கையில் இல்லையென்றால் இன்று நான் சொல்வதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் கழித்து பில். டைமிங் பெல்ட் கிட் 6,800. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் 2,900. ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) சர்வீஸ் கூலி 7,500. என்ஜின் ஆயில் 4 லிட்டர் 2,400. ஸ்பார்க் பிளக் மூன்று 750. இதர வகை 690. மொத்தம் 21,040 ரூபாய். வண்டி நன்றாகத்தான் ஓடியது, பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் அதே உதறல், அதே மஞ்சள் விளக்கு.

இந்த முறை பாபநாசத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரே ஒரு உதவிப் பையன். பில்லை வாங்கிப் படித்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பாப்பா, இந்த என்ஜின்ல டைமிங் பெல்ட்டே கிடையாதே" என்றார்.

ஆமாம், கிடையாது. கே10பி என்ற இந்த என்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 12 வால்வு. 2008-ல் மாருதியின் ஏ-ஸ்டார் காரில் வந்தது. பிறகு எஸ்டிலோ, வேகன்-ஆர், ஆல்ட்டோ கே10, செலிரியோ என்று பல வண்டிகளுக்குப் போனது. இதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட் அல்ல, எஃகுச் சங்கிலி. என்ஜினுக்குள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடும் டைமிங் செயின். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்கிற பொருள் அல்ல அது. ஆயிலை ஒழுங்காக மாற்றாமல் விட்டால் செயின் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சலசலவென்று சத்தம் கேட்கும். வெளியே ஒரு பெல்ட் ஓடுகிறது, உண்மைதான். அது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுழற்றுவதற்கு. அதில் கோடுகள் நீளவாக்கில் போகும், குறுக்கே பல் இருக்காது.

ஆல்ட்டோ 800 வேறு கதை. அதிலுள்ள எஃப்8டி என்ஜின் 796 சிசி. அதுவும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் அதில் பல் வைத்த டைமிங் பெல்ட் உண்டு. குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனதும் மாற்றவும் வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டு வண்டியும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் நம்மில் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. என் கையில் கொடுத்த பழைய பெல்ட் ஏதோ ஒரு 800-லிருந்து கழற்றியதாக இருக்கும் என்றார் அண்ணன்.

உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. ஆர்சி புக்கில் 998 சிசி என்றிருந்து, என்ஜின் நம்பர் கே10பி என்று தொடங்கினால் செயின். 796 சிசி, எஃப்8டி என்றிருந்தால் பெல்ட். ஒன்பது வருடமாக அந்த ஆர்சி டேஷ்போர்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

அண்ணன் ஸ்கேனர் போட்டார். பி0302 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை, மெக்கானிக்குகள் சொல்கிற "மிஸ்ஸிங்". மூன்றே சிலிண்டர் உள்ள வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், அதனால்தான் அந்த உதறல். இந்த என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனியாக, அதற்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை இரண்டாவது இடத்திலும் மாற்றி வைத்து, அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். சில நிமிடத்தில் மறுபடியும் விளக்கு. இப்போது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. சந்தேகத்துக்கே இடமில்லை, காயில்தான். ஒரு பைசா செலவில்லாத சோதனை. அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் மூன்று நாளில் இதை ஒருவர் கூடச் செய்யவில்லை, அல்லது செய்துவிட்டு என்னிடம் மறைத்தார்கள்.

காயில் ஏன் போனது என்றும் காட்டினார். இரண்டாவது பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் ஆயில் தேங்கி மின்னியது. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் அதோடு வரும் ரப்பர் வளையமும் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்து இறுகி, ஆயில் குழிக்குள் இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் குழாய் அதில் ஊறி உப்பிப்போயிருந்தது. முந்தைய இடத்தில் புதுப் பிளக் போட்டு, குழியைத் துடைத்து, கோளாறுக் குறியீட்டை அழித்திருப்பார்கள். அதுதான் பதினோரு நாள் ஓடியது.

பழைய கேஸ்கெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். லேசாக வளைத்தேன், அப்பளம் மாதிரி பட்டென்று ஒடிந்தது. ஹெட் சர்வீஸ் செய்திருந்தால் டேப்பட் கவரைத் திறக்காமல் முடியாது. திறந்தவர்கள் இந்தக் கேஸ்கெட்டையா திரும்பப் போட்டிருப்பார்கள்? டைமிங் பக்கத்துக் கவரையும் காட்டினார். அதைத் திறக்க கிராங்க் புல்லியைக் கழற்றி, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, பிறகு புதிதாக சீலண்ட் பூசி மூட வேண்டும். அந்தக் கவரின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் பல வருட ஆயில் அழுக்கும் செம்மண்ணும் சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன. ஸ்பேனர் பட்ட தடம் ஒன்று கூட இல்லை. அத்தனையையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆயிலிலும் பொய். இந்த என்ஜினுக்குப் பிடிப்பது சுமார் 3 லிட்டர், பில்லில் 4.

அண்ணன் வாங்கியது காயில் 1,850, கேஸ்கெட் செட் 650, கூலி 700. மொத்தம் 3,200 ரூபாய். நான்கு மாதம் ஆகிறது, வண்டி பூப்போல ஓடுகிறது. கூடவே, என்ஜினுக்குள் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியையும் துடைத்துக் கொடுத்தார். வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம் (ஐடிலிங்) ஏறி இறங்குகிறது என்றால் இந்த என்ஜினில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம். நிறுத்தியிருக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அதிகமாக அதிர்ந்தால் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்கச் சொன்னார். செக் லைட் விட்டு விட்டு எரியும்போது மட்டும் ஓட்டவே கூடாது என்றார். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூட்டில் கெடுத்துவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

பில், போட்டோ, பெல்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "டைப்பிங் மிஸ்டேக் மேடம், செயின் கிட்தான் மாத்தினோம்" என்றார்கள். போல்ட்டின் போட்டோவைக் காட்டினேன். மேனேஜர் லீவில் இருக்கிறார் என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பிய பிறகுதான் பெல்ட், டென்ஷனருக்கு வாங்கிய 9,700 திரும்ப வந்தது. செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைத் தர முடியாது என்கிறார்கள். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஏமாற்றப்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பழைய பில் வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அன்று நான் பணம் கட்டிக்கொண்டிருந்தபோது என் வண்டிக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் இன்னொரு கே10 நின்றது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், கையில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடமும் அதே சூப்பர்வைசர் "டைமிங் பெல்ட்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் உங்கள் வீட்டில் யாராவது வெள்ளை கே10-ஐ தஞ்சாவூர்ப் பக்கம் சர்வீசுக்கு விட்டிருந்தால், அந்தப் பில்லை வாங்கிப் பாருங்கள்.