சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி: என் அனுபவம்

வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம்கூட ஆகவில்லை. காட்பாடியில் அவர் சொந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. பத்திரம் எழுதும் ஒருவரிடம் போய்க் கேட்டால், "பிள்ளைங்களுக்கு நீங்கதான் கார்டியன், உங்க கையெழுத்து போதும்மா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் ஃபீஸ் கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு ஒதுக்கிய வக்கீலம்மா வாரிசு சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அதன் ஜெராக்ஸ் பின்பக்கம் ஒரு சதுரம் போட்டு நான்காகக் கோடு இழுத்து, "இது நீங்க, இது பையன், இது பொண்ணு, இது உங்க மாமியார்" என்று கட்டம் கட்டமாக எழுதினார். நாலாவது கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் அசரவில்லை. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவர் சொத்தில் மனைவி, பிள்ளைகளைப் போலவே பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு, 1956 வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, தம்பிக்கு அதில் ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லி அனுப்பாததால்தான் அவர்மேல் நம்பிக்கையே வந்தது.

அப்புறம் பிள்ளைகள் பங்கு. தாயே கார்டியனாக இருந்தாலும் மைனர் பெயரில் இருக்கும் வீடு, நிலத்தை கோர்ட் அனுமதி வாங்காமல் விற்க முடியாது. மீறி விற்றால், 18 வயது ஆன பிறகு மூன்று வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி அந்தப் பிள்ளையே வழக்குப் போடலாம். அன்றைக்கு நான் கையெழுத்து போட்டிருந்தால், நாளைக்கு என் மகனே என் மேல் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்திருக்கும்.

வழக்குப் போடாமலேயே, ரெண்டு தரப்பையும் உட்காரவைத்து சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடித்தோம். நாலு தடவை அலைந்தேன், அதில் ரெண்டு தடவை கொழுந்தனார் வராததால் வீணாகப் போனது. மாமியார் தன் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர ஒத்துக்கொண்டார். மடியில் வீட்டுக்காரர் போட்டோ வைத்த மஞ்சள் பை, அதைக் கீழே வைக்காமலேயே இடது கையால் கைநாட்டு வைத்தார். அங்கே தரும் தீர்ப்புக்கு சிவில் கோர்ட் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

போகிறவர்கள் இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டு முதலில் விசாரிக்கலாம்.