மேல்மூடி ஃப்ரீசர்: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஃப்ரிட்ஜில் உள்ள உறைபகுதி போதாமல் தனியாக ஒரு ஃப்ரீசர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது லிட்டர் கணக்கைத்தான். ஓர் ஆளுக்கு 40 முதல் 70 லிட்டர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு தொடக்கத்துக்குப் போதும். ஆனால், முன்கதவும் இழுப்பறைகளும் உள்ள நிமிர்ந்த வகையைச் சில காலமும், மேலிருந்து திறக்கும் பெட்டி வகையை அதைவிட நெடுங்காலமும் பயன்படுத்தியவன் என்ற முறையில், ஒரு வீட்டில் அதை எத்தனை முறை திறப்பார்கள், யார் திறப்பார்கள் என்பதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடியைத் தூக்கினாலும் அது பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். முன்கதவைத் திறந்தால் அது கீழ்வழியே வெளியேற, அந்த இடத்தை ஈரப்பதமுள்ள வெளிக்காற்று பிடித்துக்கொள்கிறது. அந்த ஈரம்தான் பின்னர்ப் பனியாகப் படிகிறது. மூடிய இழுப்பறைகள் இந்த இழப்பை ஓரளவு தடுக்கும். மின்தடையின்போது திறக்காமல் விட்டால், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் இடம் காலியாக இருக்கும்போது, விளிம்புவரை நிரப்பாத தண்ணீர்ப் போத்தல்களை அங்கே அடுக்கிவைப்பது எங்கள் வழக்கம்.

பெட்டி வகையின் உண்மையான குறை அதன் அடித்தளம். முதலில் வைத்த பொருள் அடியில் போய்விடும். அதன்மேல் கம்பிக் கூடைகள் அமர்ந்துவிட்டால், அங்கே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். பைகளைத் தட்டையாக உறையவைத்து, பிறகு புத்தகங்களைப் போல நிமிர்த்தி வரிசையாக நிறுத்தத் தொடங்கிய பின்னரே எங்களுக்கு இது கட்டுக்குள் வந்தது. பெயரையும் தேதியையும் பையை நிரப்புவதற்கு முன்பே அதன்மீது எழுதிவிட வேண்டும். ஈரம் படிந்த குளிர்ந்த பையில் பேனாவும் பிடிக்காது, ஒட்டுத்தாளும் நிற்காது. உயரம் குறைந்தவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் கடையிலேயே குனிந்து, அடித்தளத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. கை எட்டாவிட்டால் நிமிர்ந்த வகையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பனி நீக்கும் வேலை. எங்களுடையதில் தானியங்கி வசதி இல்லை. சுவரில் பனி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறியதும், பொருள்களைத் தடித்த போர்வையில் சுற்றி ஒதுக்கிவைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து, அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்துவிடுவோம். சிறிது நேரத்தில் பனி பாளம் பாளமாகக் கழன்று விழும்; ஒட்டியிருப்பதை பிளாஸ்டிக் கரண்டியால் தள்ளினால் போதும். கத்தியால் குத்தவே கூடாது. பல மாடல்களில் அந்த மெல்லிய தகட்டுக்குப் பின்னால்தான் குளிர்வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. இன்றைய வீட்டு ஃப்ரீசர்கள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ எளிதில் தீப்பற்றக்கூடிய வாயு. ஈரத்தை முழுவதும் துடைத்த பிறகே மீண்டும் இயக்குவோம். மொத்தத்தில் அரைநாள் வேலை.

அந்த அரைநாளை ஒதுக்க முடியாதவர்களுக்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஏற்றது. அதில் ஒரு ஹீட்டர் அவ்வப்போது குளிர்ச்சுருளைச் சூடாக்கிப் பனியை உருக்கிவிடும். மின்விசிறி உலர்ந்த காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று பட்டு, சரியாகப் பொதியப்படாத இறைச்சியில் ஈரம் வற்றிச் சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். சாப்பிட்டால் கேடில்லை என்றாலும் சுவை போய்விடும்.

பெட்டியில் உள்ள குறியீடுகளில் இரண்டைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று தட்பவெப்ப வகுப்பு: 'என்' என்றால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி செல்சியஸ் வரையிலும், 'எஸ்டி' என்றால் 38 வரையிலும், 'டி' என்றால் 43 வரையிலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று பொருள். காற்றோட்டமில்லாத அறையில் வைக்கப்போகிறவர்களுக்கு இது முக்கியம். மற்றொன்று 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ புதிய உணவை உறையவைக்கும் என்ற அளவு. மொத்தமாக வாங்கிச் சேமிக்கும் குடும்பத்துக்கு லிட்டரைவிட இதுவே பயன்படும் எண். அதிவேக உறைவிப்பு விசை இருந்தால், பெரிய அளவில் பொருள் வைப்பதற்கு முந்தைய நாளே அதைப் போட்டுவிடலாம்.

திருகியில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல என்பதால், தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறோம். அது மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அவ்வளவு குளிராமல் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடினால், மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் மூடியின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால், ரப்பரை வெதுவெதுப்பான சோப்புநீரில் துடைப்பதே முதல் வேலை. அப்படியும் பிடிப்பு வராவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான்.